புதுப்பிப்பு: மூன்றாம் காட்சியை மாற்றிவிட்டோம்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் அண்ணனும் தங்கையும் யாழ்ப்பாணத்து வீட்டுக்காகச் சண்டை பிடிக்கும் நாடகம் பழகுகிறோம், "நான்தான் மூத்தவன், வீடு எனக்கு" என்று அண்ணன் சொல்வது சரிவருமா என்று.

சரிவராது என்றீர்கள். அது தாயின் சீதன வீடு. 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைப்படி தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்குத்தான் போனது. 1911 சட்டம் இந்தப் பங்கீட்டு விதியை மாற்றிவிட்டது, உண்மைதான். ஆனால் ஊர் வாயில் அது இன்னும் "பொம்பிளைப்பிள்ளைட வீடு". ஆக வசனத்தை வெட்டினோம். இப்போது அண்ணன், "ஓடு மாத்தினது ஆர்ட காசில?" என்று கேட்கிறான். முன்னையதைவிட இது நன்றாகவே குத்துகிறது.

இன்னொரு திருத்தம்: தேசவழமைக் காணியைப் பங்குக்காரருக்கு அறிவிக்காமல் வெளியாளுக்கு விற்றால், அவர்கள் வழக்குப் போடலாம். அதனால் விற்பனைக் காட்சி இனி, பங்குக்காரருக்கு அறிவிக்கும் வாட்ஸ்அப் அழைப்பில் தொடங்கும்.

நேற்று ஒத்திகையில் தங்கையாக நடிப்பவர் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு, வசனம் மறந்து அப்படியே நின்றார். அந்த மௌனத்தை அப்படியே வைத்துக்கொள்கிறோம்.

பிறகு, நாடகத்தை எழுதியது நான் என்று அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.