அம்ப்ரெல்லா பாலிசி எவ்வளவுக்கு எடுக்கணும்?

கேள்வி: அமெரிக்காவில் சொந்த வீடு, 2 கார், புதுசா லைசென்ஸ் வாங்கிய 16 வயசுப் பையன். கார் லயபிலிட்டி (நம்மால் மத்தவங்களுக்கு வர்ற நஷ்டத்துக்கான காப்பீடு) 100/300, அதாவது காயப்பட்ட ஒருத்தருக்கு 1 லட்சம், ஒரு விபத்துக்கு மொத்தம் 3 லட்சம் டாலர் வரை. அந்த வரம்பைத் தாண்டுற நஷ்டஈட்டைத் தர்ற அம்ப்ரெல்லா பாலிசியை 10 லட்சம் டாலருக்கு எடுத்தால் போதுமா?

பதில் 1: முதல்ல அந்த 100/300-ஐ ஏத்துங்க. அம்ப்ரெல்லா தர்றதுக்குப் பெரும்பாலான கம்பெனிகள் காருக்கு 250/500, வீட்டுக்கு 3 லட்சம் லயபிலிட்டி கேட்கும். அம்ப்ரெல்லா எடுத்த பிறகு பிரீமியத்தை மிச்சம் பிடிக்கக் கார் லயபிலிட்டியைப் பழையபடி 100/300-க்குக் குறைச்சீங்கன்னா ஆபத்து. ஒருத்தருக்கு 4 லட்சம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வருதுன்னு வைங்க. கார் பாலிசி 1 லட்சம் தரும். அம்ப்ரெல்லா 2.5 லட்சத்துக்கு மேல உள்ள 1.5 லட்சத்தை மட்டும்தான் தரும். நடுவுல இருக்கிற 1.5 லட்சம் உங்க கைக்காசு. பையன் பேரை ரெண்டு பாலிசியிலயும் கட்டாயம் சேருங்க, மறைச்சா க்ளெய்மே சிக்கலாகும்.

பதில் 2: எவ்வளவுக்கு எடுக்கணும்னு தெரிய, வழக்குல போகக்கூடிய சொத்தை, அதாவது வீட்டு ஈக்விட்டி (வீட்டு மதிப்புல கடன் போக மீதி), சேமிப்பு, பங்குகளைக் கூட்டிப் பாருங்க. கம்பெனி வழியா சேர்க்கிற 401கே ஓய்வூதியக் கணக்குக்குப் பெரும்பாலும் மத்திய சட்டப் பாதுகாப்பு உண்டு. நீங்களே தொடங்குற ஐஆர்ஏ ஓய்வூதியக் கணக்குக்கு அந்தப் பாதுகாப்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல மாநிலங்கள்ல வருங்காலச் சம்பளத்திலும் பிடிக்கலாம், அதனால இன்றைய சொத்தோட கணக்கை நிறுத்தாதீங்க.

பதில் 3: நீங்க வாடகைக்கு விடுற வீடு எல்எல்சி (உரிமையாளர் பொறுப்பைக் கட்டுப்படுத்துற கம்பெனி) பேர்ல இருந்தா சாதாரண பெர்சனல் அம்ப்ரெல்லா பொதுவா அதுக்குக் கவரேஜ் தராது. இன்சூரன்ஸ் இல்லாதவன் உங்களை இடிச்சா வர்ற நஷ்டத்துக்கும் தனி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில சேர்க்கிற கூடுதல் பிரிவு) கேட்டு வாங்கணும்.