சத்துவாச்சாரி வீடு (குடும்பக் குழு): அப்பாவின் ஸ்கேன்

நேற்று

அண்ணன்: அப்பாவை நரம்பு டாக்டரிடம் காட்டிவிட்டு இப்போதுதான் வந்தோம். வராந்தாவில் நடக்கவிட்டு, திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, கோளாறு முட்டியில் இல்லை, தலையில் இருக்கலாம் என்கிறார். மூளைக்கு எம்ஆர்ஐ, கூடவே சிஎஸ்எஃப் ஃப்ளோ என்று சீட்டில் எழுதியிருக்கிறது. பாப்பா, நீ ஸ்கேன் அறையிலேயே இருக்கிறவள், இது என்ன?

ஆற்காடு அத்தை: ஐயோ, அண்ணனுக்குத் தலையில் என்னவாம்? 74 வயதானால் நடை தளரத்தானே செய்யும்?

நான்: அத்தை, பயப்படாதீர்கள். வயதான தளர்ச்சி வேறு, அப்பா நடப்பது வேறு. கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி இழுக்கிறார், நிலைப்படி வந்தால் நின்றுவிடுகிறார், திரும்புவதற்கு ஏழெட்டு அடி வைக்கிறார். அதோடு மறதி, பாத்ரூம் போவதற்குள் அவசரம். இந்த மூன்றும் சேர்ந்து வருவதை 1965-இல் கொலம்பியா நாட்டு டாக்டர் சாலமோன் ஹக்கீம் எழுதிவைத்தார். சிஎஸ்எஃப் என்பது மூளையிலும் தண்டுவடத்தைச் சுற்றியும் இருக்கும் நீர். மூளைக்குள் இருக்கும் அறைகளில் அந்த நீர் தேங்கி அவை விரிந்துபோகும், ஆனால் முதுகில் ஊசி போட்டு அழுத்தம் பார்த்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தச் சந்தேகம்தான் டாக்டருக்கு.

குடியாத்தம் மாமா: (முன்னனுப்பியது) தினமும் காலையில் வெறும் வயிற்றில் 2 லிட்டர் வெந்நீர் குடித்தால் மூளை நீர் சுத்தமாகும், அனைவருக்கும் பகிரவும்

நான்: மாமா, தயவுசெய்து இதை அப்பாவிடம் காட்டாதீர்கள், ஏற்கெனவே பாத்ரூம் தொல்லை. குடிக்கிற தண்ணீர் நேராக மூளைக்குப் போவதில்லை. மூளை அறைகளுக்குள்ளேயே ஒரு திசு ரத்தத்திலிருந்து அந்த நீரைச் சுரக்கிறது. நாளைக்கு அரை லிட்டர் ஊறும், ஆனால் எந்த நேரத்திலும் தலையிலும் முதுகிலுமாக இருப்பது 150 மில்லி அளவுதான். மீதி ரத்தத்துக்கே திரும்பிப் போய்விடும்.

குடியாத்தம் மாமா: சரி சரி. ஓட்டத்தை எப்படிப் பார்ப்பார்கள்? மச்சானுக்கு மருந்து ஏற்றிப் பார்ப்பார்களா?

நான்: இந்தச் சோதனைக்கு ஊசியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், எக்ஸ்ரே கதிரும் கிடையாது. இதயம் ஒருமுறை துடித்தால் மூளைக்குள் ரத்தம் ஏறுகிறது. மண்டை ஓடு விரியாது, அதனால் ரத்தத்துக்கு இடம் விட்டு இந்த நீர் கழுத்துப் பக்கம் இறங்கும், இதயம் தளரும்போது மேலே ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் பிடிக்கிறோம். விரலில் ஒரு கிளிப் மாட்டி நாடித்துடிப்போடு மெஷினைக் கோத்துவிடுவோம். நகரும் நீரிலிருந்து வரும் சிக்னலில் வேகத்துக்கு ஏற்ப ஃபேஸ், அதாவது அலையின் கட்டம், மாறும். அசையாத இடம் சாம்பல் நிறம், ஒரு திசையில் ஓடினால் வெள்ளை, எதிர்த்திசையில் ஓடினால் கறுப்பு. வரிசையாக ஓட்டிப் பார்த்தால், மூன்றாவது அறைக்கும் நான்காவது அறைக்கும் நடுவே இருக்கிற 2, 3 மில்லிமீட்டர் குழாயில் ஒரு புள்ளி வெள்ளையும் கறுப்புமாக மாறிமாறி வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத படம் அது.

அண்ணன்: ஒரே தடவையில் எடுத்துவிடலாமா? அப்பா படுத்துக்கொண்டே இருக்க மாட்டார்.

நான்: இந்தப் பகுதி மட்டும் சில நிமிடம்தான். ஆனால் எடுப்பதற்கு முன்னாலேயே, அதிகபட்சம் எவ்வளவு வேகம் வரும் என்று மெஷினுக்குச் சொல்லவேண்டும், வென்க் என்போம். இந்தக் குழாய்க்குப் பெரும்பாலும் விநாடிக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர். அதைவிட வேகமாக நீர் பாய்ந்தால் வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தின் நடுவில் கறுப்புத் திட்டு விழும், வென்க்கை ஏற்றி மறுபடி எடுப்போம். அப்பாவின் நாடி ஒழுங்காக இருந்தால் சீக்கிரம் முடியும். மோதிரம், வாட்ச், பல்செட், வெள்ளி அரைஞாண் எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடு அண்ணா.

ஆற்காடு அத்தை: அரைஞாணைக் கழற்றுவதா? வெறும் இடுப்போடு அனுப்பக் கூடாது கண்ணு, ஆகாது.

நான்: கறுப்புக் கயிறு கட்டி அனுப்புங்கள் அத்தை, தாயத்து மட்டும் வேண்டாம்.

இன்று

அண்ணன்: ரிப்போர்ட் வந்துவிட்டது. அறைகள் விரிந்திருக்கின்றன. ஸ்ட்ரோக் வால்யூம் 68 மைக்ரோலிட்டர் என்று போட்டிருக்கிறது.

குடியாத்தம் மாமா: நெட்டில் பார்த்தேன், 42-ஐத் தாண்டினால் ஆபரேஷன் பலிக்குமாம். அப்படியானால் முடிவாகிவிட்டதா?

நான்: இல்லை மாமா. ஒரு துடிப்பில் அந்தக் குழாய் வழியாகப் போய்வருகிற நீர்தான் இந்த 68, ஒரு துளியைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். 42 என்பது அமெரிக்காவில் பிராட்லி குழு 1996-இல் தங்கள் மெஷினில், தங்கள் நோயாளிகளிடம் பார்த்துச் சொன்னது. மெஷின் மாறினால், அளக்கிறவர் படத்தில் அந்தக் குழாயைச் சுற்றி வட்டம் போடுகிற விதம் மாறினால் எண்ணும் மாறும். நோய் முற்றி மூளை சுருங்கிவிட்டால் எண் குறைந்தும் போகும், அதற்காக நோய் இல்லை என்று ஆகிவிடாது. இந்த எண்ணை மட்டும் வைத்து யாராவது ஆபரேஷன் தேதி கொடுத்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடுத்தது டேப் டெஸ்ட்: கீழ் முதுகில் ஊசி வழியாக 30 முதல் 50 மில்லி நீரை எடுத்துவிட்டு, அப்புறம் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். நடை தேறினால் மூளையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் குழாய் வைப்பதைப் பற்றிப் பேசலாம். மறதியைவிட நடைதான் நன்றாகத் தேறும்.

குடியாத்தம் மாமா: சென்னையில் எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இருக்கிறார், கேட்கட்டுமா?

அண்ணன்: வங்காளத்திலிருந்து இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வேலூருக்கு வருகிறார்கள், நாம் சென்னைக்கு ஓட வேண்டுமா மாமா?

நான்: இந்தியாவின் முதல் நரம்பு அறுவைப் பிரிவையே 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நம் ஊர் சிஎம்சி ஆஸ்பத்திரியில்தான் தொடங்கினார். இங்கேயே பார்க்கலாம் மாமா. அண்ணா, ஊசி போடுவதற்கு முன்னால் அப்பா நடப்பதை வீடியோ எடுத்துவை, அப்போதுதான் பின்னால் ஒப்பிட முடியும்.

அண்ணன்: வீட்டுக்குள் இடமில்லை, வெயில் தாழ்ந்ததும் தெருவில் எடுக்கிறேன்.

நான்: பக்கவாட்டிலிருந்து எடு. பாதம் தெரியவேண்டும், திரும்புகிற இடத்தை வெட்டிவிடாதே.

ஆற்காடு அத்தை: வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளச் சொல், இல்லாவிட்டால் கால் எங்கே தெரியப்போகிறது?