செம்பனை எண்ணெயைப் புறக்கணித்தால் காட்டுயிர்கள் பிழைக்குமா?

யீஷூன்வாசி:
சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் பொங்கல் விருந்தில் செம்பனை எண்ணெய் (பாமாயில்) சேர்க்காமல் சமைக்க வேண்டும் என்று ஏற்பாட்டுக் குழுவிடம் கேட்டிருக்கிறேன். அதைச் சிலர் கேலி செய்வதால் என் காரணத்தை இங்கே எழுதுகிறேன். 2013 ஜூன் 21ஆம் தேதி காற்றுத்தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்ட அன்று, சன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகிவிட்டு, நான்கு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தோனேசியாவின் சுமத்ராவில் செம்பனை போன்ற தோட்டங்களுக்காக நிலம் திருத்த வைத்த தீயின் புகை அது. நமக்குச் சில நாள் மூச்சுத்திணறலோடு போயிற்று. அங்கிருந்த யானைக்கும் புலிக்கும் இருப்பிடமே போயிற்று. அந்த எண்ணெயில் வடை சுட எனக்கு மனம் வரவில்லை.

குளுவாங்கார்:
அக்கா, உங்கள் வேதனையைக் குறை சொல்லவில்லை, கணக்கைத்தான் கேட்கிறேன். ஒரு ஹெக்டேர் செம்பனை ஆண்டுக்குச் சராசரியாக மூன்று டன்னுக்கு மேல் எண்ணெய் தருகிறது, சோயாவோ அரை டன்னைச் சுற்றியே நிற்கிறது. உலகம் முழுவதும் உங்களைப் போல வேறு எண்ணெய்க்கு மாறினால், அதே எண்ணெய்க்குப் பல மடங்கு நிலம் வேண்டும். அந்த நிலத்துக்காக வேறொரு நாட்டில் காடு விழும்.

செம்பனைத் தோட்டத்தில் உயிரே இல்லை என்று பலர் சொல்வதையும் ஏற்க மாட்டேன். 1970களில் என் தாயார் மலேசியாவில் செம்பனைத் தோட்டத்தில் மகரந்தத்தை முகப்பொடியோடு கலந்து, பூங்குலை பூங்குலையாக ஊதும் வேலை செய்தார். மாலையில் புருவமெல்லாம் வெள்ளையாக வீடு திரும்புவார். 1981இல் கேமரூனிலிருந்து மகரந்தம் சுமக்கும் ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகு, அந்த வேலையே இல்லாமல் போனது. எலிக்கு நஞ்சு வைப்பதைக் குறைக்கக் கம்பத்தில் பெட்டி கட்டி, எலி தின்னும் கூகை ஆந்தையை வளர்த்ததையும் நான் பார்த்திருக்கிறேன். தோட்டக்காரனுக்கும் பூச்சி, பறவையின் அருமை தெரியும்.

காட்டுவழி:
ஐயா, நீங்கள் சொன்ன வண்டு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கூகையோ எலி மலிந்த எந்த வெட்டவெளியிலும் பெருகும். இவ்விரண்டையும் காட்டி, தோட்டம் காட்டுயிருக்கு இடம் தருகிறது என்று சொல்வது சரியாகாது. பெரிய அலகுள்ள இருவாட்சிப் பறவைக்கு முதிர்ந்த மரப்பொந்து வேண்டும், அது செம்பனையில் அமையாது. நம் சிங்கப்பூர்த் தீவே இதற்குச் சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோல் பதனிட உதவும் காம்பியர்ச் செடிக்கும் மிளகுக்கும் காட்டை அழித்தோம், காட்டில் எஞ்சியிருந்த கடைசிப் புலியும் 1930இல் சுடப்பட்டது. இல்லாமல் போயிருந்த இருவாட்சி 1994இல்தான் புலாவ் ஊபின் தீவில் மறுபடி தென்பட்டது. பின்னர் செயற்கைக் கூட்டுப்பெட்டிகள் வைத்து அதைப் பெருக்க வேண்டியிருந்தது.

புறக்கணிப்பில் எனக்கும் நம்பிக்கையில்லை. ஆனால் விளைச்சல் கணக்கோடு பேச்சை முடித்துவிடவும் கூடாது. சுமத்ராவின் ஜாம்பியில் 140 ஹெக்டேர் தோட்டமொன்றில், இடையிடையே சில செம்பனைகளை வெட்டிவிட்டு, பெத்தாய், துரியான், மெராந்தி போன்ற உள்ளூர் மரங்களை 52 சிறு திட்டுகளாக 2013இல் நட்டார்கள். சில ஆண்டுகளில் அங்கே உயிரின வகைகள் கூடின, தோட்டத்தின் மொத்த விளைச்சலும் குறையவில்லை. அதற்காகத் திட்டு நட்டால் போதும், காட்டை வெட்டிக்கொள்ளலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. தொடர்ந்து பரந்து கிடக்கும் காட்டில் வாழும் பறவைகளில் பல, தோட்டத்துக்குள் விட்டுவைத்த துண்டுக் காடுகளில் தங்குவதில்லை என்பதை மலேசியாவின் சபாவில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

யீஷூன்வாசி:
அப்படியானால் வாங்குபவள் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லையா?

காட்டுவழி:
இருக்கிறது, அக்கா. 2004இல் தொடங்கப்பட்ட நீடித்த செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு, புதிதாகக் காடழிப்பதை 2018ஆம் ஆண்டு விதிகளில் தடுத்திருக்கிறது. அதன் சான்று பெற்ற எண்ணெயையே வேண்டும் என்று சமையல் ஒப்பந்தக்காரரிடம் கேளுங்கள். மேற்பார்வையில் ஓட்டைகள் உண்டு என்றாலும், கேட்பவரே இல்லையென்றால் அந்த விதியும் ஏட்டோடு நின்றுவிடும்.

குளுவாங்கார்:
சான்று பெரிய கம்பெனிக்குச் சுலபம். இந்தோனேசியாவின் செம்பனைப் பரப்பில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு சிறு விவசாயிகளிடம் இருக்கிறது. அவர்களுக்குத் தாள் வேலைக்கே ஆளில்லை. என் தம்பிக்கு ஆற்றோரம் ஆறு ஏக்கர் இருக்கிறது, அவனும் அப்படித்தான்.

காட்டுவழி:
அந்த மரங்களுக்கு வயது என்ன, ஐயா?

குளுவாங்கார்:
இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. குலை வெட்ட அரிவாள் கழி எட்டாத உயரம். அடுத்த ஆண்டு சாய்த்துவிட்டு மறுநடவு செய்யப்போகிறான்.

காட்டுவழி:
எதையாவது மாற்ற நினைத்தால் அப்போதுதான் முடியும். தவறினால் இன்னும் இருபத்தைந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆற்றை ஒட்டிய இரண்டு வரிசையை மட்டும் நடாமல் விட்டு, அங்கே காட்டுமரம் வளர விடச் சொல்லுங்கள். கரை அரிக்காது, உரமும் களைக்கொல்லியும் நேரே ஆற்றில் இறங்குவது குறையும், குரங்கும் நீர்நாயும் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக வழி கிடைக்கும்.

குளுவாங்கார்:
தம்பியிடம் நேற்றிரவு பேசினேன். இரண்டு வரிசை என்றால் நாற்பது மரம். "குரங்குக்கு வழி விடுகிறேன், அந்த நாற்பது மரத்துக் குலைக்கு சிங்கப்பூர்க்காரர்கள் காசு தருவார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்கிறான். அக்கா, உங்கள் விருந்துக் குழுவில் இதையும் கேட்டுப் பாருங்கள்.