கறுப்பினச் சட்ட மாணவர் சங்கக் கிளை: புதிய நிர்வாகிகள் பொறுப்பேற்கும்போது எதை முதலில் கவனிப்பது?

கல்தூண் கேட்டது:

வணக்கம். அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் மாணவர் சங்கங்களுக்கு உதவும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் கறுப்பினச் சட்ட மாணவர் சங்க (பிஎல்எஸ்ஏ) கிளைக்கு மார்ச்சில் தேர்தல். தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், செயலாளர், கல்விப் பொறுப்பாளர் என ஐந்து பதவிகள். முதலாண்டுப் பிரதிநிதியைச் செப்டம்பரில் தேர்ந்தெடுப்பார்கள்.

நிர்வாகிகளுக்குக் கையில் கிடைப்பது சுமார் பத்து மாதம்தான். அதற்குள் அவர்களுக்குத் தேர்வுகளும் வேலை தேடலும் உண்டு. பொறுப்பு கைமாறும்போது எது அறுந்துபோகிறது? முதலாண்டு மாணவர்களுக்கு எந்த உதவி உண்மையிலேயே பலன் தரும்? போட்டிகளுக்குப் போகும் செலவை எப்படிச் சமாளிப்பது? கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கு எதிரான 2023 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு உதவித்தொகை கொடுப்பதில் என்ன ஜாக்கிரதை வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நடுவாசல் பதில்:

முதலில் ஒரு பின்னணி, புதிய நிர்வாகிகளுக்கும் இதைச் சொல்லுங்கள். இந்தச் சங்கத்தை 1968-இல் நியூயார்க் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் ஏ.ஜே. கூப்பர் என்ற மாணவர் தொடங்கினார். நான்கே ஆண்டுகளில், 1972-இல், அவர் அலபாமாவின் பிரிச்சர்ட் நகர மேயராகத் தேர்வானார். இன்று தேசிய அமைப்பு ஆறு மண்டலங்களாக இயங்குகிறது. கிளை, மண்டலம், தேசியம் மூன்றும் வேறு வேறு. உங்கள் கிளைத் தலைவர் வாரம் முழுக்க மண்டல அழைப்புகளிலேயே உட்கார்ந்துவிட்டால் கிளை வேலை நின்றுபோகும். அதற்கென்று தனியாக ஒரு ஆளை ஒதுக்குங்கள்.

கைமாறும்போது அறுந்துபோவது மூன்று: கோப்புகள், வங்கிக் கணக்கு, வருமான வரித்துறைப் பதிவு.

கோப்புகள் பெரும்பாலும் யாரோ ஒரு பழைய மாணவரின் சொந்த கூகுள் டிரைவில் இருக்கும். அவர் பட்டம் வாங்கி, பல்கலைக்கழக மின்னஞ்சல் மூடப்பட்டதும் பத்து வருடச் சேமிப்பும் போய்விடும். சங்கத்தின் பெயரில் ஒரு கணக்கு திறந்து, எல்லாக் கோப்புகளின் உரிமையையும் அதற்கு மாற்றுங்கள். பார்க்கும் அனுமதி மட்டும் போதாது, உரிமையே மாற வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பு எந்தத் தொலைபேசி எண்ணுக்குப் போகிறது என்றும் பாருங்கள். பட்டம் பெற்றவரின் எண்ணுக்குப் போனால் ஜூலையில் உள்ளே நுழைய முடியாது.

வங்கியில் கையெழுத்து மாற்ற, தேர்தல் முடிவைப் பதிவு செய்த கூட்டக் குறிப்பு கேட்பார்கள். பழைய பொருளாளரும் புதியவரும் சேர்ந்து போவது நல்லது. பட்டமளிப்புக்குப் பிறகு பழையவரைப் பிடிக்க முடியாது. அதனால் ஏப்ரல் 15-க்குள் முடியுங்கள்.

சங்கத்துக்குத் தனி வரி அடையாள எண் இருந்தால், பொறுப்பாளர் மாறிய 60 நாளுக்குள் 8822-பி படிவம் அனுப்ப வேண்டும். இதைச் செய்யாத கிளைகள்தான் அதிகம். தனி வரிவிலக்குத் தகுதியும் இருந்து, ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்கு மிகாது என்றால் 990-என் என்ற சிறு அறிவிப்பை இணையத்தில் கொடுத்தால் போதும். சில நிமிட வேலை. ஆனால் தொடர்ந்து மூன்று ஆண்டு விட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். மூன்று ஆண்டு என்றால் மூன்று வேறு பொருளாளர்கள். ஒவ்வொருவரும் முந்தையவர் செய்திருப்பார் என்று நினைப்பார்.

அடுத்தது முதலாண்டு மாணவர்கள். என் பார்வையில் கிளையின் உயிரே இதுதான், மற்றதெல்லாம் பிறகு.

பெரும்பாலான பாடங்களில் முதல் செமஸ்டர் மதிப்பெண் டிசம்பரில் எழுதும் மூன்று அல்லது நான்கு மணி நேரத் தேர்வு ஒன்றைத்தான் நம்பியிருக்கிறது. மதிப்பெண்ணும் வகுப்புக்குள் ஒப்பிட்டே போடப்படும். பெரிய சட்ட நிறுவனங்கள் பல, முன்பு இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் நடத்திய நேர்காணலை இப்போது முதலாண்டு முடியும் தறுவாய்க்கே இழுத்துவிட்டன. ஆக, அந்த ஒரு டிசம்பர் அடுத்த பல ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. வீட்டில் ஒரு வக்கீல் இருக்கும் மாணவனுக்கு இது ஆகஸ்டிலேயே தெரியும். குடும்பத்தில் முதன்முதலாகச் சட்டம் படிக்க வருபவருக்கு நவம்பரில்தான் தெரியவரும். இந்த மூன்று மாத இடைவெளியை மூடுவதுதான் கல்விப் பொறுப்பாளரின் வேலை.

வழிகாட்டியைச் சேர்க்கும்போது பலர் ஊர், விருப்பத்துறை பார்த்துச் சேர்க்கிறார்கள். அது தவறு. அதே பேராசிரியரிடம் அதே பாடம் படித்த இரண்டாமாண்டு மாணவரோடு சேருங்கள். ஒரு வழிகாட்டிக்கு இரண்டு முதலாண்டு மாணவர்கள், அதற்கு மேல் வேண்டாம்.

செப்டம்பரில் வழக்குச் சுருக்கம் எழுதப் பழக்குங்கள். மாதக் கடைசிக்குள் அதைப் பக்க ஓரக் குறிப்பாகக் குறைத்துவிட வேண்டும். டிசம்பர் வரை ஒவ்வொரு வழக்குக்கும் இரண்டு பக்கம் எழுதுபவர் தேர்வுக்குத் தயாராக மாட்டார். அக்டோபர் முதல் வாரத்தில் பாடத்திட்டத்தின் தலைப்புகளையே எலும்புக்கூடாக வைத்து அவுட்லைன், அதாவது முழுப் பாடத்தின் சுருக்கக் குறிப்பு, தொடங்க வேண்டும். முதலில் நாற்பது, ஐம்பது பக்கம் வரும். அதைப் பதினைந்தாக்கி, கடைசியில் ஒரே பக்கச் சரிபார்ப்புப் பட்டியலாக்க வேண்டும். சுருக்கும் அந்த வேலையில்தான் பாடம் தலையில் ஏறுகிறது. சங்கத்தின் சேமிப்பிலுள்ள பழைய அவுட்லைனை அப்படியே அச்செடுத்துப் படிப்பவர் இதை இழக்கிறார். பழையதைத் தம் அவுட்லைனைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் பேராசிரியர், ஆண்டு, பாடநூல் பதிப்பு மூன்றும் இருக்கட்டும்.

அக்டோபர் மூன்றாம் வாரம் முதல் வாரம் ஒரு கேள்வி, அறுபது நிமிடம், கடிகாரம் வைத்து. எழுதியதை ஒரு மூத்த மாணவர் படித்தே ஆக வேண்டும். வழக்கமாகத் தெரியும் குறை ஒன்றுதான்: விதியைச் சரியாக எழுதிவிட்டு, உடனே முடிவுக்குத் தாவுவது. கேள்வியில் உள்ள எந்தத் தகவல் விதியின் எந்தக் கூறோடு பொருந்துகிறது, எதிர்த்தரப்பு அதே தகவலை எப்படிப் படிக்கும் என்று எழுதும் இடத்தில்தான் மதிப்பெண் இருக்கிறது.

பேராசிரியர் தாமாக வெளியிடாத பழைய கேள்வித்தாளைச் சேமிப்பில் வைக்காதீர்கள். அது நன்னடத்தை விதிமீறல். வழக்கறிஞர் பதிவின்போது குணநல விசாரணையில் எழும்பும். சேமிப்பை வைத்திருந்தவரும் பதில் சொல்ல நேரும்.

நவம்பர் நடுவிலிருந்து சங்கத்தின் எல்லா நிகழ்ச்சிகளையும் நிறுத்துங்கள். முதலாண்டுப் பிரதிநிதிக்கு விருந்து ஏற்பாடு போன்ற வேலை கொடுக்கவே வேண்டாம்.

---

மூன்றாம்மணி பதில்:

போட்டிகள் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தேசிய அமைப்பு நடத்தும் முக்கியப் போட்டிகள் இரண்டு. ஒன்று மேல்முறையீட்டு வாதம், அதாவது மூட் கோர்ட். மற்றது விசாரணை நீதிமன்ற வாதம், மாக் ட்ரையல். முதலில் மண்டலச் சுற்று, அதில் வென்றவர்கள் மார்ச் வாக்கில் தேசிய மாநாட்டில் மோதுவார்கள். பதிவுக்கு முன் கிளையும் அணியினரும் தேசியச் சந்தாவைக் கட்டியிருக்க வேண்டும். கல்லூரிச் சங்கத்தில் உறுப்பினர் என்பது தேசிய உறுப்பினர் என்று ஆகிவிடாது. இந்தக் குழப்பத்தில் பதிவு தவறுவது நடக்கிறது.

இரண்டுக்கும் தேவைப்படும் ஆட்கள் வேறு. மூட் கோர்ட்டுக்கு எழுத்துதான் பாதி. வாதக் குறிப்பை அனுப்பும் கெடு, தேர்வுக் காலத்தோடு இடிக்கும். முதல் வரைவு நவம்பர் முதல் வாரத்தில் முடியாவிட்டால் டிசம்பரில் ஒரு வரி நகராது. மாக் ட்ரையல் அணிக்கு வழக்கமாக நால்வர். இரு தரப்புக்கும் தயாராக வேண்டும், அவர்களே சாட்சிகளாகவும் நடிக்க வேண்டும். ஆக, ஒருவர் விலகினால் அணியே கவிழும். ஐந்தாவதாக ஒருவரைச் சாட்சி வேடத்துக்குப் பழக்கி வையுங்கள்.

மாக் ட்ரையலில் புள்ளி போகும் இடங்கள்: குறுக்கு விசாரணையில் ‘ஏன்’ என்று கேட்பது, சாட்சி தன் வாக்குமூலத்தில் இல்லாத தகவலைச் சேர்ப்பது, ஆட்சேபத்துக்கு விதி எண் தெரியாமல் எழுந்து நிற்பது. கூட்டாட்சிச் சாட்சிய விதிகளில் 401 முதல் 404, 611, 612, 613, 801, 803, 901 இவற்றை நால்வரும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்ல வேண்டும். செவிவழிச் சாட்சியத்தில் தடுமாறும் அணி இரண்டாம் சுற்றோடு வீடு திரும்பும். உள்ளூர் அரசு வழக்கறிஞர், பொதுப் பாதுகாப்பு வழக்கறிஞர் இருவரையும் ஆளுக்கு இரண்டு மாலை பயிற்சிக்குக் கூப்பிடுங்கள். பழைய மாணவர்கள் பணத்தைவிட நேரத்தைச் சீக்கிரம் தருவார்கள்.

செலவில் பெரிய சிக்கல் தொகை அல்ல, ‘நீ கட்டு, பிறகு தருகிறோம்’ என்ற முறைதான். விமானம், மூன்று இரவு விடுதி, பதிவுக் கட்டணம் எல்லாவற்றையும் மாணவர் கடன் அட்டையில் போட்டு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அட்டையில் வரம்பு இல்லாதவர், திறமை இருந்தும் அணியில் சேர மாட்டார். சேராததன் காரணத்தைச் சொல்லவும் மாட்டார். கல்தூண், இதை நீங்கள்தான் சரிசெய்ய முடியும். அலுவலக அட்டையில் விமானத்தையும் விடுதியையும் நேரடியாகக் கட்டுங்கள், உணவுப்படியை முன்பணமாகக் கொடுங்கள். பயண அனுமதி எண் வருவதற்கு முன் யாரும் சீட்டு வாங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன்தேதிச் சீட்டை நிதிப்பிரிவு நிராகரிக்கும்.

---

கல்தூண்:

இருவருக்கும் மிக்க நன்றி. முன்பணத்துக்கு இன்றே எழுதுகிறேன். உதவித்தொகை, ஸ்பான்சர் பற்றி யாராவது? எங்கள் மாநிலத்தில் பன்முகத்தன்மைத் திட்டங்களைத் தடைசெய்யும் மசோதா வரும் என்கிறார்கள். சங்கத்தையே மூட வேண்டியிருக்குமா என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள்.

---

ஏட்டுச்சுவடி பதில்:

சங்கம் வேறு, கல்லூரி நடத்தும் திட்டம் வேறு. மாணவர்களுக்கு இதை முதலில் புரியவையுங்கள்.

பன்முகத்தன்மைத் திட்டங்களைத் தடைசெய்யும் டெக்சாஸின் எஸ்பி 17 சட்டம் 2024 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. அது பல்கலைக்கழகப் பன்முகத்தன்மை அலுவலகங்களைத்தான் மூடுகிறது. பதிவுபெற்ற மாணவர் அமைப்பின் செயல்பாட்டுக்கு அதிலேயே விலக்கு எழுதியிருக்கிறது. அங்கே கிளைகள் இழப்பது, பக்கபலமாக இருந்த ஊழியர்களையும் அலுவலகப் பணத்தையும்தான். உங்கள் மாநில மசோதாவில் இப்படியொரு விலக்குப் பிரிவு இருக்கிறதா, அதன் சொற்கள் என்ன என்பதைப் படியுங்கள். மற்றபடி, அரசுக் கல்லூரி ஒரு மாணவர் அமைப்பின் கருத்து பிடிக்காமல் அங்கீகாரம் மறுக்க முடியாது என்பது 1972-இன் ஹீலி வழக்கு. மாணவர் கட்டணத்தைக் கருத்துச் சார்பின்றிப் பங்கிட வேண்டும் என்பது 2000-இன் சவுத்வொர்த் வழக்கு. நிதி குறைக்கப்பட்டால் முதலில் கேட்க வேண்டியது, ‘மற்றச் சங்கங்களுக்கு எந்த அளவுகோலில் கொடுத்தீர்கள்?’ என்பதைத்தான். அதை எழுத்தில் கேளுங்கள்.

விதிமுறையில் உறுப்பினர் தகுதி எல்லா மாணவருக்கும் திறந்திருக்க வேண்டும். 2010-இன் மார்ட்டினஸ் தீர்ப்புப்படி கல்லூரி அதை எல்லாச் சங்கங்களுக்கும் நிபந்தனையாக வைக்கலாம். இதனால் சங்கத்தின் தன்மை கெடாது. நோக்கத்தை விதிமுறையின் முதல் பிரிவில் தெளிவாக எழுதி, நிர்வாகிகளை உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தால் போதும்.

உதவித்தொகையில்தான் உண்மையான ஆபத்து. 2023 ஆகஸ்டில் பெர்கின்ஸ் கூயி, மாரிசன் ஃபோர்ஸ்டர் ஆகிய சட்ட நிறுவனங்களின் மாணவர் ஃபெல்லோஷிப்கள் மீது, இன அடிப்படையிலான தகுதியை எதிர்க்கும் ஓர் அமைப்பு வழக்குப் போட்டது. இரண்டு நிறுவனங்களும் தகுதியை எல்லோருக்கும் திறந்த பிறகு வழக்குகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த வழக்குகளுக்கு அடிப்படையாகக் காட்டியது 1866-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தில் இருந்து வந்த, 1981 என்ற எண்ணுள்ள சட்டப்பிரிவு. அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்களும் மற்றவர்களைப் போலவே ஒப்பந்தம் செய்துகொள்ள எழுதப்பட்ட சட்டம் அது. அதையே அவர்கள் வழிவந்த மாணவர்களின் உதவித்தொகைக்கு எதிராக நீட்டுவதைப் பார்க்க மனம் வலிக்கிறது. ஆனாலும் நிர்வாகி அதைத் தெரிந்துகொண்டுதான் அறிவிப்பு எழுத வேண்டும். 2024 ஜூனில் ஃபியர்லெஸ் ஃபண்ட் வழக்கில் பதினோராம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கான 20,000 டாலர் மானியப் போட்டியை ஒப்பந்தமாகவே பார்த்தது. ஆக, நன்கொடை என்று பெயர் வைத்தாலும், பெறுபவர் பதிலுக்குப் படம் தரவோ பேசவோ ஒப்புக்கொண்டால் சிக்கல்.

அறிவிப்பை இப்படி அமைக்கலாம்: யாரும் விண்ணப்பிக்கலாம். கட்டுரைக் கேள்வி, ‘கறுப்பின மக்களின் சட்ட உரிமைக்கு நீங்கள் செய்த பணி, செய்யப்போகும் பணி’ என்பதாக இருக்கட்டும். 2023 தீர்ப்பிலேயே தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், இனம் தம் வாழ்வை எப்படிப் பாதித்தது என்று விண்ணப்பதாரர் எழுதுவதைக் கருத்தில் கொள்ளத் தடையில்லை என்கிறார். ஆனால் கட்டுரையை இனத்தைக் கண்டுபிடிக்கும் குறுக்குவழியாக்கக் கூடாது என்பதும் அங்கேயே இருக்கிறது. மதிப்பெண் அட்டவணையை விண்ணப்பம் திறக்கும் முன் எழுதி வையுங்கள். வெளியிடும் முன் பல்கலைக்கழகச் சட்டப்பிரிவு பார்க்கட்டும்.

ஸ்பான்சர் கடிதம் ஜூன், ஜூலையில் போக வேண்டும். செப்டம்பரில் கேட்டால் அந்த ஆண்டுப் பணம் பெரும்பாலும் முடிந்திருக்கும். 2025 மார்ச்சில் கூட்டாட்சி வேலைவாய்ப்புச் சமவாய்ப்பு ஆணையம் இருபது பெரிய சட்ட நிறுவனங்களுக்கு அவற்றின் பன்முகத்தன்மை நடைமுறைகள் பற்றிக் கேள்விக் கடிதம் அனுப்பிய பிறகு, நிறுவனங்கள் பெயர் போடத் தயங்குகின்றன. ‘பன்முகத்தன்மை ஆதரவு’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ‘மாக் ட்ரையல் அணியின் விடுதிச் செலவு’, ‘அக்டோபர் மாதிரித் தேர்வுக்கு முப்பது பேர் உணவு’ என்று பொருளையும் தொகையையும் சொல்லிக் கேளுங்கள். கூடவே சங்கத்தின் வரி அடையாள எண்ணைக் காட்டும் டபிள்யூ-9 படிவம் இணையுங்கள். அதிலுள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

---

நடுவாசல்:

ஏட்டுச்சுவடி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சங்கத்துக்குத் தனி 501(சி)(3) தகுதி, அதாவது அறப்பணி அமைப்புக்கான வரிவிலக்குத் தகுதி, இல்லையென்றால் ‘வரிவிலக்குக்கு உரிய நன்கொடை’ என்று ரசீது கொடுக்கவே கூடாது. பழைய மாணவர்களின் சொந்த நன்கொடையைப் பல்கலைக்கழக அறக்கட்டளை வழியாக வாங்குங்கள். அவர்கள் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்று முன்பே கேளுங்கள்.

டீனைச் சந்திக்கப் போகும் தலைவருக்கும் ஒரு குறிப்பு. சட்டக் கல்லூரிகள் ஆண்டுதோறும் டிசம்பர் 15-க்குள், அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் கேட்கும் 509 என்ற தகவல் அறிக்கையை வெளியிட வேண்டும். அதில் இனவாரியாகச் சேர்க்கையும், முதலாண்டில் எத்தனை பேர் படிப்பை விட்டார்கள் என்பதும் இருக்கும். ஐந்தாண்டு எண்களை ஒரே தாளில் எடுத்துக்கொண்டு போகட்டும். 2024 இலையுதிர் பருவத்தில் ஹார்வர்ட் சட்டக் கல்லூரி முதலாண்டில் சேர்ந்த கறுப்பின மாணவர்கள் 19 பேர், அதற்கு முந்தைய ஆண்டு 43. இப்படிச் சுருங்கும் இடத்தில் எட்டுப் பதவி வைத்திருந்தால் எல்லோரும் நிர்வாகிகளாகி, படிக்க ஆள் இருக்காது. உங்களுடையது ஐந்து, அதுவே அளவு. செயலாளரையும் பழைய மாணவர் தொடர்பையும் ஒரே ஆளிடம் கொடுங்கள், புதிதாக எதுவும் உருவாக்காதீர்கள்.

---

மூன்றாம்மணி:

ஜனவரி பற்றி யாரும் சொல்லவில்லை. மதிப்பெண் வந்த வாரத்தில், எதிர்பார்த்தது கிடைக்காதவர்கள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். வழிகாட்டி அவர்களைத் தனியாக அழைத்து, பேராசிரியரிடம் விடைத்தாளைப் பார்க்க நேரம் வாங்கித் தர வேண்டும். மாதிரி விடையைப் பக்கத்தில் வைத்து, எந்தப் பத்தியில் புள்ளி விழவில்லை என்று குறித்து வரட்டும். இதை ஜனவரியிலேயே முடிக்க வேண்டும். பிப்ரவரியில் வேலை விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் மூடிவிடும்.