இரண்டு லிங்க் இருந்தும் ஒன்றுதான் ஓடியது: உங்களுக்கு நடந்ததா?

இரவுப்பணி
நடந்து நாளாகிவிட்டது, இன்னும் உறுத்துகிறது. ஒரு ஜிகாபிட் நெட்வொர்க் லிங்க் இரண்டைச் சேர்த்துக் கட்டியிருந்தோம். 4 டெராபைட் பேக்அப். நாலரை மணி நேரத்தில் முடியும் என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். நள்ளிரவு தாண்டி, லிங்குகளின் வேகத்தைக் காட்டும் கிராஃபைத் திறந்தால், ஒரு கோடு உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இன்னொன்று தரையில் படுத்திருக்கிறது. படுத்திருந்த லிங்க் பழுது என்று உறுதியாக நம்பினேன். அதை நிரூபிக்க, ஓடிக்கொண்டிருந்த கேபிளைப் பிடுங்கினேன். படுத்திருந்த கோடு எழுந்து அதே உச்சியில் போய் நின்றது! இரண்டும் நலம். ஒரே டிசிபி இணைப்பை (தரவை வரிசை குலையாமல் கொண்டுசேர்க்கும் நெறிமுறைதான் டிசிபி) ஹாஷ், அதாவது முகவரியை வைத்து லிங்கைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு, எந்த லிங்கில் போடுகிறதோ அங்கேயேதான் அது கிடக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. முடிய 9 மணி நேரம் ஆயிற்று.

கடைசிவரிசை
எனக்கு நேர்மாறு. ஹாஷை நம்பாமல், பாக்கெட்டுக்குப் பாக்கெட், அதாவது ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும், பாதை மாற்றி அனுப்பும்படி அமைத்தேன். இரண்டு கோடும் இரட்டைப் பிள்ளைகள் போலச் சேர்ந்து ஏறின. கோப்பு மட்டும் ஒற்றை லிங்கில் போனதைவிட மெதுவாகப் போயிற்று. ஒரு பாதையில் தாமதம் 5 மில்லிசெகண்ட், மற்றதில் 40. பின்னால் கிளம்பியவை முன்னால் வந்து சேர்ந்தன. வரிசையில் அடுத்தது இன்னும் வராததால் பெறும் பக்கம் ஒரே ஏற்புச் செய்தியை மீண்டும் மீண்டும் அனுப்ப, அனுப்பும் சர்வரின் பழைய டிசிபி, பாக்கெட் தொலைந்ததாக எண்ணி வேகத்தைப் பாதியாக்கியது. உண்மையில் ஒன்றுகூடத் தொலையவில்லை.

சமன்பாடு
ஓடுகிற கேபிளைப் பிடுங்குவது சோதனை இல்லை, இரவுப்பணி. சூதாட்டம். கடைசிவரிசை செய்ததும் பாடப்புத்தகத்தில் கூடாது என்று எழுதியிருப்பதுதான்.

என் அனுபவம் இரண்டு வரி: மல்டிபாத் டிசிபி (ஒரே இணைப்பைப் பல பாதைகளில் ஓட்டும் டிசிபி) போட்டேன், பஃபர் (வந்தவை காத்திருக்கும் நினைவகம்) போதாமல், வேகமான பாதை மெதுவான பாதைக்காகக் கைகட்டி நின்றது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பேக்அப்பை எட்டு இணைப்புகளாகப் பிரியுங்கள். ஹாஷில் ஐபி முகவரியோடு, இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணையும் சேருங்கள்; இல்லாவிட்டால் எட்டும் ஒரே லிங்கில்தான் விழும். மல்டிபாத் டிசிபி வேண்டுமென்றால், 2013இல் வந்த சோதனைப் பதிப்பு வேண்டாம், 2020இல் வெளியான தர ஆவணம் ஆர்எஃப்சி 8684 இருக்கிறது. பஃபரைக் கணக்கிட, எல்லாப் பாதைகளின் வேகத்தையும் கூட்டி, மிக நீண்ட சுற்றுத் தாமதத்தால் பெருக்கி, இரட்டிப்பாக்குங்கள். இரண்டு ஜிகாபிட், 40 மில்லிசெகண்ட் என்றால் 20 மெகாபைட். இதைவிடக் குறைத்துவிட்டு என்னிடம் வந்து புலம்பாதீர்கள்.

ஊசல்
புலம்ப வரவில்லை, சமன்பாடு. என் தவறு வேறு வகை. நிமிடத்துக்கு ஒரு முறை தாமதத்தை அளந்து, குறைவான பாதைக்கு எல்லாவற்றையும் திருப்பும் ஸ்கிரிப்ட் எழுதினேன். காலியாக இருந்த பாதை உடனே நிரம்பும், நிரம்பியிருந்தது காலியாகும். அடுத்த நிமிடம் எல்லாம் திரும்பி வரும். கிராஃபில் ரம்பத்தின் பற்கள். சக ஊழியர் ஒருவர் எட்டிப் பார்த்து, "இது இதயத்துடிப்பா?" என்று கேட்டார். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டை நடத்தியவர்கள் 1979இல் தாமதத்தை அளவுகோலாக வைத்து, சுமை கூடியபோது இதே ஊசலாட்டத்தில் சிக்கி, 1987இல் அளவுகோலையே மாற்றியிருக்கிறார்கள். படிக்காமல் நான் புதிதாகக் கண்டுபிடித்தேன். இப்போது ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கை மட்டுமே நகர்த்துகிறேன்.

இரவுப்பணி
சமன்பாடு, நான் யோசனை கேட்கவில்லை. இருந்தாலும், எட்டாகப் பிரிப்பதை அடுத்த வாரமே செய்து பார்த்தவன் நான், போர்ட் எண்ணையும் சேர்த்துத்தான். எட்டும் ஒரே அளவு. ஆறு ஒரு லிங்கில் விழுந்தன, இரண்டு மற்றதில். 6 மணி 40 நிமிடம்.