வெர்டிகோவுக்கு என்ன சொல்? (கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

திருச்சியிலிருந்து:
அன்பர்களே, நரம்பியல் வெளிநோயாளிகளுக்கான கையேட்டைத் தமிழில் எழுதுகிறேன். வெர்டிகோவில், அதாவது சுற்றியுள்ளதெல்லாம் சுழல்வதுபோலத் தோன்றுவதற்கான சொல்லில், வந்து நிற்கிறது. நம்மவர்களுக்குத் தலை சுற்றினாலும் மயக்கம், கண் இருட்டினாலும் மயக்கம், நினைவு தப்பினாலும் மயக்கம். எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டுவது ஒன்று. படுக்கையில் புரண்டால் அறையே சுழல்வது வேறு. 'தலைச்சுற்றல்' போதுமா?

மதுரையிலிருந்து:
போதாது தம்பி, அதையும் இரண்டுக்கும் சொல்கிறோம். 'அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி' என்று தொல்காப்பிய உரியியல் தெளிவாகவே சொல்கிறது. அலமரல் என்றே வையுங்கள். அலை, அலங்கல், அலமரல் எல்லாம் அசைவைச் சொல்லும் ஒரே குடும்பம் என்பது என் துணிபு. சம்பந்தரும் ஐயாற்றுப் பதிகத்தில் 'ஐம்மேலுந்தி அலமந்த போதாக' என்கிறாரே.

கோவையிலிருந்து:
ஐயா, அந்தப் பாட்டில் வருவது உயிர் போகிற நேரத்துக் கலக்கம். அதை நோயாளி கையில் கொடுக்கலாமா? இங்கே 'கிறுகிறுப்பு' என்றால் எல்லாருக்கும் புரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கள் பக்கம் தலைச்சுத்துதான்.

சென்னையிலிருந்து, செவிலியர்:
நான் 'மயக்கமா?' என்று கேட்பதே இல்லை. 'வீடு சுத்துதா, இல்ல கண்ணு இருட்டிக்கிட்டு வருதா?' என்பேன். பாட்டிகள்கூடச் சட்டென்று பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள். சுழற்சிக்குப் பெரும்பாலும் உட்செவிதான் காரணம். அங்குள்ள சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால், தலையைத் திருப்பும்போதெல்லாம் உலகம் சுற்றும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகள்களைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகலாம். எந்தச் சொல்லை வைத்தாலும் சரி, இந்த வரி தடித்த எழுத்தில் வரட்டும்: திடீர்ச் சுழற்சியோடு பேச்சுக் குழறினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், நிற்க முடியாமல் சாய்ந்தால், அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மதுரையிலிருந்து:
அம்மா சொன்ன வரி கட்டாயம் வேண்டும். அந்தத் துகளுக்குச் 'செவித்துகள்' பொருந்தும். 'செவிக்கல்' வேண்டாம், சிறுநீரகக் கல் போல வெட்டி எடுக்க வேண்டுமோ என்று பயந்துவிடுவார்கள்.

திருச்சியிலிருந்து:
செவித்துகளை எடுத்துக்கொண்டேன். தலைப்பு 'சுழல் தலைச்சுற்றல்', மற்றதற்குக் 'கண் இருட்டல்'. செவிலியர் அம்மாவின் கேள்வி முதல் பக்கத்தில். பெரும்பாலோர் இதற்குச் சரி என்கிறார்கள், இத்துடன் அனுப்புகிறேன்.

மதுரையிலிருந்து:
அனுப்புங்கள், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. சுழலும் சுற்றலும் ஒரே பொருள். ஒன்றையே இரு முறை சொல்கிறீர்கள். செவிலியர் பயிற்சி நூலிலாவது அலமரல் வரட்டும். பத்துப் பேர் வாயில் புழங்காமல் எந்தச் சொல் பழகியிருக்கிறது?