டைனமோ: 'மின்னாக்கி' பொருந்துமா?

அன்புடையீர்,

கொந்தளிக்கும் பிளாஸ்மாவில் (மின்னூட்டத் துகள்களாலான, மின்கடத்தும் வளிமத்தில்) காந்தப்புலம் பெருகுவதைக் குறிக்கும் 'டைனமோ' என்னும் சொல்லுக்கு, முந்தைய மடலில் முன்வைக்கப்பட்ட 'மின்னாக்கி' பொருந்தாது என்று கருதுகிறேன். சேலத்தில் என் தலைமுறையினருக்கு டைனமோ என்றதும் நினைவுக்கு வருவது சைக்கிள் சக்கரத்தில் உரசி விளக்கெரிக்கும் கருவிதான். அதற்குள் நிலைக்காந்தம் முன்பே இருக்கிறது. சுழற்சி மின்சாரத்தை மட்டுமே தருகிறது. வானியலார் கடன் வாங்கியது வேறொன்றை. 1867இல் ஜெர்மன் பொறியாளர் வெர்னர் சீமென்ஸ் விளக்கிய பொறியில் நிலைக்காந்தம் இல்லை. இரும்பில் எஞ்சியிருந்த சிறு காந்தம் சிறு மின்னோட்டத்தைத் தர, அவ்வோட்டம் காந்தத்தை வலுப்படுத்த, வலுத்த காந்தம் மேலும் மின்னோட்டத்தைத் தந்தது. 1919இல் இயற்பியலாளர் ஜோசப் லார்மர் சூரியனின் காந்தத்துக்குக் காரணமாகக் கருதியது இந்தத் தற்பெருக்கத்தைத்தான்.

பிளாஸ்மாவில் கம்பிச்சுருள் இல்லை; நம் கஞ்சமலையின் மேக்னடைட் கல்லைப் போலக் காந்தத்தைத் தேக்கிவைக்கும் பொருளும் இல்லை. நன்கு மின்கடத்தும் பாய்மத்தோடு காந்த விசைக்கோடுகள் ஒட்டி நகர்வதால், கொந்தளிப்பின் சுழிகள் அவற்றை இழுத்து நீட்டுகின்றன. கோட்டுக்கற்றை நீண்டு மெலியும்போது அதனுள் புலம் செறிகிறது. சடை நுனியில் ரப்பர் வளையம் போடுபவர் அதை இழுத்து, எட்டுப்போல முறுக்கி, மடித்து மாட்டும்போது ஒற்றை வளையம் இரட்டையாவதைப் பார்த்திருப்பீர்கள். காந்தப்புலம் இரட்டிக்க சோவியத் இயற்பியலாளர் செல்டோவிச் காட்டிய வழியும் இதுவே. முறுக்காமல் மடித்தாலோ எதிர்த்திசைக் கோடுகள் அருகருகே வந்து, மின்தடையால் ஒன்றையொன்று அழித்துவிடும்.

ஆகவே இங்கு நோக்கம் மின்சாரம் அன்று. காந்தமும் வெறுமையிலிருந்து ஆக்கப்படுவதில்லை. விதைப்புலம், அதாவது தொடக்கத்தில் ஒரு சிறு காந்தப்புலம், இல்லையேல் எவ்வளவு கொந்தளித்தாலும் பயனில்லை. அவ்விதையைத் தருவது ஜெர்மன் வானியற்பியலாளர் பியர்மன் 1950இல் விளக்கிய மின்கல விளைவு (பிளாஸ்மாவில் எலக்ட்ரான்களின் அழுத்த வேறுபாட்டால் மின்னோட்டம் எழுவது) போன்ற வேறொரு நிகழ்வு. ('விதைப்புலம்' என்பதை ஓமலூர்ப் பக்கம் வேளாண்மை செய்யும் உறவினர் நாற்றங்கால் என்றே படித்தார். ஆனாலும் அச்சொல்லை விட மனமில்லை.)

'காந்தவளர்ச்சி' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். வளர்ச்சி என்றால் தானே வளர்வது. இங்கோ ஓட்டம் தன் இயக்க ஆற்றலைக் கொடுத்துப் புலத்தை வளர்க்கிறது. புலத்தின் ஆற்றல் அதற்கு நிகராக நெருங்கும்போது காந்த விசை ஓட்டத்தையே தடுக்க, பெருக்கம் நிற்கிறது. எனவே 'காந்தவளர்ப்பு' என்னும் பிறவினைப் பெயரே சரி. 'சிற்றளவுக் காந்தவளர்ப்பு' (சிறு சுழிகளின் அளவிலேயே புலம் பெருகுவது) போன்ற தொடர்களுக்கும் அது இடங்கொடுக்கிறது. ஆனால் 1999இல் லாட்வியாவின் ரீகாவிலும் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவிலும் உருகிய சோடியத்தை ஓடவிட்டுப் புலத்தை வளர்த்த பொறிகளை என்னவென்று அழைப்பது? 'காந்தவளர்ப்பி' என எழுத எனக்கு இன்னும் தயக்கமாகவே இருக்கிறது.